உமது ஜமீனில் என்ன விளைகிறது?

1

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் குளிர்காலம் வந்தால் ஊழியர்களுக்கு நாடகச் சீட்டு கொடுப்பார்கள். தென் ஜெர்மனியில் பிற்பகலிலேயே இருட்டு இறங்கிவிடும் மாதங்கள் அவை. ஆட்கள் வீட்டுக்குள் முடங்கி மனம் கெட்டுப்போகக் கூடாதே என்று நிர்வாகத்துக்கு ஒரு கவலை. வழக்கமாக அந்தச் சீட்டை யார் தலையிலாவது கட்டிவிடுவேன். சென்ற குளிர்காலத்தில் என் மகள் ஆதிரை போகலாம் என்றாள். பதினைந்து வயதுப் பெண் அப்பாவோடு வெளியே வருகிறேன் என்று சொல்வதே அபூர்வம். போனோம்.

மேடையில் ஒரு பிரபு, அவனுடைய வேலைக்காரன், வெள்ளைப் பொடி பூசிய பொய்முடிகள், விசிறிகள், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பெண்கள். இருநூறு வருஷத்துக்கும் மேல் பழைய நகைச்சுவை நாடகம். இந்த நாட்டில் பதினெட்டு வருஷமாகப் பேசும் மொழி எனக்குத் தொழிற்சாலைக்குப் போதும், கடைக்குப் போதும், பக்கத்து வீட்டுக்காரரோடு மழையைப் பற்றிப் பேசவும் போதும். பழைய நகைச்சுவைக்குப் போதவில்லை. அரங்கம் சிரித்து அடங்கும்போதுதான் எனக்குப் பாதி புரியும். அப்போது தனியாகச் சிரித்தால் நன்றாகவா இருக்கும்? அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அலுத்துப்போய், எல்லோரும் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே சிரித்தேன். பக்கத்தில் ஆதிரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அது தாய்மொழி மாதிரி. மாதிரி என்ன, அதுதான் தாய்மொழி.

இடைவேளைக்குப் பிறகு வேலைக்காரன் எஜமானின் கோட்டை மாட்டிக்கொண்டு எஜமானின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் போட்டான். போட்ட கால் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி தூக்கிப் போட்டான்.

"அப்பா" என்று என் வாயில் வந்துவிட்டது.

"என்னப்பா?" என்று ஆதிரை திரும்பினாள். நான் ஒன்றுமில்லை என்றேன். என் அப்பா திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் காய்கறி விவசாயி. அவர் இறந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதே காலை அதே மாதிரி தூக்கிப் போட்டு, அதே மாதிரி வழுக்க விட்டு, பங்குனிக்குப் பங்குனி எங்கள் ஊரையே சிரிக்க வைத்தவர் அவர்.

2

எங்கள் ஊர் சின்னாளபட்டிக்குத் தெற்கே. பங்குனியில் மாரியம்மன் திருவிழா. கடைசி நாள் ஊர்க்காரர்களே நடிக்கும் ஒரு நாடகம் உண்டு. ஜமீன் நாடகம் என்று சொல்வோம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஒரு ஜமீன்தாரைப் பார்க்க கலெக்டர் துரை வருகிறார். துரையின் முகத்தில் விழிக்கப் பயந்துபோய் ஜமீன்தார் தன் சமையல்காரன் வேலாண்டிக்குப் பட்டும் தலைப்பாகையும் கட்டி உட்கார வைத்துவிட்டு, தான் சமையல்காரனாகிவிடுகிறார். பிறகு நடக்கிற கூத்துதான் நாடகம்.

இந்த நாடகத்தில் வேஷங்கள் வீடுகளுக்கு உரியவை. ஜமீன்தார் வேஷம் ஒரு வீட்டுக்கு, துரை வேஷம் ஒரு வீட்டுக்கு. வேலாண்டி வேஷம் எங்கள் வீட்டுக்கு. தாத்தா போட்டார், அவருக்குப் பின் அப்பா போட்டார். அறிவிப்பாளர் மைக்கில் "முத்தையா வீட்டு வேலாண்டி" என்றுதான் சொல்வார். முத்தையா என் அப்பா பெயர்.

எல்லா வேஷத்துக்கும் வசனம் உண்டு, ஓர் இடத்தைத் தவிர. துரை கேட்பார்: "உமது ஜமீனில் என்ன விளைகிறது?" அந்தக் கேள்விக்கு எழுதி வைத்த பதில் கிடையாது. வேலாண்டி போடுகிறவர் அந்த வருஷத்துக்கு ஏற்ற பதிலைச் சொந்தமாகச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் சொல்லக் கூடாது. மேடையில்தான் எல்லோரும் முதல்முறை கேட்பார்கள். கேட்டதும் துரை தொடையில் தட்டிச் சிரிப்பார். அவர் சிரித்த பிறகுதான் கதை மேலே நகரும்.

மழையே இல்லாத ஒரு வருஷம் அப்பா சொன்னாராம்: "புழுதிங்க தொரை. ரெண்டு போகம்." தக்காளி விலை விழுந்த வருஷம்: "தக்காளி விளையுதுங்க தொரை. வயல்ல இல்ல, ரோட்டுல." தோட்டங்களையெல்லாம் மனை போட்டு விற்ற வருஷம்: "கல்லு விளையுதுங்க. நட்டாப் போதும், தண்ணி ஊத்த வேணாம்."

நான் ஜெர்மனிக்கு வந்த வருஷம் சொன்னது: "பிள்ளைங்க விளையுறாங்க தொரை. நல்ல மகசூல். அம்புட்டும் ஏற்றுமதிதான்."

ஊர் அன்று சிரித்த சிரிப்பு பல நாள் பேச்சாக இருந்ததாம். எனக்குப் போனில் சொன்னார்கள். நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அன்று நாடகம் முடிந்து டிராமில் திரும்பும்போது இதை ஆதிரைக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு தன் தட்டுத் தடுமாறும் தமிழில் சொன்னாள்.

"அது ஜோக் இல்லப்பா. அது கம்ப்ளெயின்ட்."

அந்த நகைச்சுவையும் எனக்குப் பதினெட்டு வருஷம் தாமதமாகத்தான் புரிந்திருக்கிறது.

3

அப்பா இறந்தது ஒரு ஆடி மாதக் காலை. தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிப்பதற்காகத் தூதரகத்தில் இருந்தது. இதை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியாது. வீட்டில் இழவு, இவன் பாஸ்போர்ட் என்கிறானே என்றுதான் தோன்றும்.

அவசரப் பயணத்துக்கு ஒரு தாள் வாங்கலாம் என்றார்கள். அதற்கு இன்னொரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு தாள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். பொறுமையாக என்ன அவசரம் என்று கேட்டாள். எனக்கு மொழி வரவில்லை. இயந்திரத்தின் பாகம் பாகமாகப் பெயர் சொல்லத் தெரிந்தவனுக்கு, அப்பா செத்துப்போனார், கொள்ளி போட நான்தான் போக வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. கொள்ளி என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது? கையால் தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். அவள் பயந்து போய் மேலதிகாரியை அழைத்தாள்.

தாள் கிடைப்பதற்குள் ஊரில் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். அம்மாவின் தம்பி கருப்பையா மாமா கொள்ளி வைத்தார். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த அலுவலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். படம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. சத்தம் வரவில்லை. என் அப்பாவை நான் வழியனுப்பியது அவ்வளவுதான்.

4

நாடகம் பார்த்து வந்த சில வாரங்களில் கருப்பையா மாமா போன் செய்தார். ஜமீன் நாடகத்தில் துரை வேஷம் போடுகிறவர் அவர்தான். கொள்ளி வைத்தவரும் அவர்தான். அப்பாவோடு அத்தனை வருஷம் மேடையில் நின்றவர்.

"மாப்ளே, வேலாண்டி வேசத்துக்கு இந்த வருசம் யாரையும் போடக் கூடாது. வேசக்காரர் தவறிப்போன வருசம் நாற்காலியைப் போட்டு நடத்துறதுதான் நம்ம ஊரு வழக்கம். உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். சின்ன வயதில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். போனவரின் தலைப்பாகையையும் கைத்தடியையும் நாற்காலியில் வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வசனத்தைச் சொல்வார்கள். அவருடைய வசனத்தைக் கூட்டம் சொல்லும்.

"ஆனா அடுத்த வருசத்துக்கு யாருன்னு அன்னைக்கே மேடையில வச்சுச் சொல்லணும். உங்க வீட்டு வேசம், நீதான் சொல்லணும். வச்சுக்கிறியா, யாருக்கும் குடுக்கிறியா? பெரியசாமி ஆசையா இருக்கான். ஆனா வாய விட்டுக் கேக்க மாட்டான்."

பெரியசாமி எங்கள் தெருப் பையன். பையன் என்ன, நாற்பதைத் தொட்டிருப்பான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறவன். அப்பாவின் காய்கறி மூட்டைகளும் அவன் வேனில்தான் போகும்.

எனக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் ஊருக்கு வரும் அளவுக்கு விடுப்பு. ஆடியில் திதிக்குப் போவதா, பங்குனியில் நாடகத்துக்குப் போவதா? சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தார்கள். பெத்த அப்பன் திதிக்கு வராமல் கூத்துப் பார்க்க வருகிறானாம் என்று பேச்சு. அம்மாவிடம் கேட்டேன்.

"நாடகத்துக்கே வா" என்றாள். "திதிக்கு அய்யரு வருவாரு, மாமா இருக்கான். நாடகத்துக்கு யாரு இருக்கா?"

மனைவிக்கு மருத்துவமனையில் லீவு கிடைக்கவில்லை. ஆதிரைக்குப் பள்ளி விடுமுறை. நாங்கள் இருவரும் கிளம்பினோம். வேஷத்தை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துதான் விமானம் ஏறினேன். வருஷா வருஷம் பங்குனியில் விடுப்பு எடுத்து வந்து போட்டுவிட்டுப் போவேன். தோட்டம் குத்தகைக்குப் போயாயிற்று. ரேஷன் கார்டில் என் பெயர் எப்போதோ அடித்தாயிற்று. ஊரில் என் வீட்டுக்கு என்று மிச்சம் இருப்பது அந்த வேஷம் ஒன்றுதான். அதையும் விட்டால் நான் ஊருக்கு வந்துபோகும் சுற்றுலாப் பயணிதான். வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். காலைத் தூக்கிப் போட்டு வழுக்க விடுவதைக்கூட குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்துவிட்டேன்.

5

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆதிரை அம்மாவின் காலைத் தொடக் குனிந்தாள். விமானத்தில் சொல்லிக் கொடுத்திருந்தேன். அம்மா அவளைத் தூக்கி நிறுத்திக் கன்னத்தை வழித்து, "சாப்டியா ஆத்தா?" என்றாள். "சாப்டேன். நீ சாப்டியா?" என்றாள் இவள். எனக்குச் சுருக்கென்றது. அம்மா அந்த "நீ"யைக் கேட்டு அப்படி மகிழ்ந்துபோனாள். "எம்புட்டு நாளாச்சு, என்னைய ஒருத்தி நீ வான்னு கூப்புட்டு" என்றாள். அப்பா போன பிறகு அம்மாவை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வாரிசுச் சான்றிதழுக்காகத் திண்டுக்கல் போய் வந்தேன். ஜெர்மனியில் ஒரு அலுவலகத்துக்கு அது வேண்டுமாம். முத்தையாவுக்கு நான்தான் மகன் என்று காட்ட ஆதார், அதில் இருக்கும் பெயருக்கு ஒரு விளக்கம், இரண்டு சாட்சி. வெயிலில் வரிசையில் நின்றபோது எனக்கு எரிச்சலைவிடச் சிரிப்புதான் வந்தது. இங்கே இத்தனை கேட்கிறார்கள். ஊரில் மாமா ஒன்றுமே கேட்கவில்லை. நீதான் சொல்லணும் என்றார், அவ்வளவுதான்.

திருவிழாக் கடைசி நாள். அம்மா நாடகத்துக்கு வரவில்லை. வருஷம் திரும்பும்வரை விசேஷம் எதற்கும் போவதில்லை என்று அவளாகவே வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, நான் வற்புறுத்தியும் கேட்கவில்லை.

"எனக்கு இங்க இருந்தே கேக்கும். கருப்பையா நம்ம தெருமுக்குல ஒரு குழாயைக் கட்டச் சொல்லியிருக்கான்" என்றாள். குழாய் என்பது ஒலிபெருக்கி. வெளியே வந்து பார்த்தேன். கம்பத்தில் கட்டிய நாலு குழாயில் மூன்று ஊரைப் பார்த்தும், ஒன்று எங்கள் வீட்டைப் பார்த்தும் இருந்தது.

கிளம்பும்போது கேட்டேன். "வேசத்தை வச்சுக்கலாம்னு இருக்கேன்மா. என்ன செய்யட்டும்?"

அம்மா சுளகில் வெண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நம்ம வீட்லயே இருக்கணும்னு உங்கப்பாவுக்கு ஆசைதான். முடிஞ்சா வச்சுக்க அப்பு. முடியாட்டி ஒருத்தன் கையில குடுத்துட்டுப் போ. நாற்காலியில விட்டுட்டு மட்டும் போயிராத."

6

பத்து மணிக்குள் மைக்கை அணைக்க வேண்டும் என்பது இப்போது போலீஸ் நிபந்தனை. அதனால் பொழுது இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார்கள். நாடகம் நலிந்துபோயிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. பந்தல் தாண்டிக் கூட்டம். எல்.இ.டி. விளக்கு, காலர் மைக், வெளியூர்ப் பிள்ளைகள் பார்க்க நேரடி ஒளிபரப்பு. எனக்கும் ஆதிரைக்கும் முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள்.

மேடை நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் சாமியானா கடைக்காரர் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. அதன் மேல் அப்பாவின் ஜரிகைத் தலைப்பாகை, சாய்த்து வைத்த கைத்தடி. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மர நாற்காலி கிடைக்கவில்லையா இவர்களுக்கு? அப்புறம் ஞாபகம் வந்தது. அப்பா உட்கார்ந்து நடித்ததும் அதே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில்தான். மர நாற்காலியில் கால் வழுக்காது என்பார்.

கருப்பையா மாமா காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் முகத்தில் ரோஸ் பவுடருமாகத் துரையாக வந்தார். நாற்காலியின் முன்னால் நின்று நிமிர்ந்தார்.

"நீர்தான் ஜமீன்தாரா?"

மேடையில் சத்தமில்லை. எனக்குப் பின்னால் இருந்து ஊரே சொன்னது. "நேத்து வரைக்கும் இல்லீங்க தொரை! நாளைக்கும் இருக்க மாட்டேன்! இன்னைக்குன்னாக் கேளுங்க!"

ஆதிரை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், மதில் மேல் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள், எல்லோரும் சொன்னார்கள். அப்பாவைப் போலவே "கேளுங்க"வை இழுத்துச் சொன்னார்கள்.

"உமது குதிரை எங்கே?"

"அது என்னையத் தேடிப் போயிருக்குதுங்க!"

ஜமீன்தார், சமையல்காரன் வேஷத்தில், நடுங்கிக்கொண்டு ரசம் கொண்டுவந்து நாற்காலியின் முன்னால் நீட்டினார். மாமா காத்திருந்தார். இந்த இடம் எனக்குப் பிடித்த இடம். என்னையறியாமல் எழுந்துவிட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"ரசமாடா இது? இந்த ரசத்தைக் குடிச்சுக்கிட்டா நான் ஜமீனை ஆளுறது? யார்ரா சமையக்காரன்?"

ஊரும் என்னோடு கத்தியது. ஜமீன்தார் கிண்ணத்தோடு மண்டியிட்டார். சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. ஆதிரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததில் இருந்து நான் சத்தம் போட்டுப் பேசிக் கேட்டதில்லை. அந்த நாட்டில் நான் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவன். "அப்பா, உனக்கு எல்லாம் தெரியுமா?" என்று அவள் ஜெர்மனில் கேட்டாள். தெரியும் என்றேன். எல்லாம் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். வேஷம் என் வீட்டில்தான் இருக்கும் என்று அந்த நிமிஷம் உறுதியாக இருந்தது.

அப்போது மாமா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"உமது ஜமீனில் என்ன விளைகிறது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பதில் ஊருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. மதில் மேல் இருந்த பிள்ளைகள்கூட அடங்கிவிட்டார்கள். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். தெருமுக்குக் குழாயில் வெறும் இரைச்சல் கேட்டது.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி கேட்டார். இந்தத் தடவை துரையின் குரலில் இல்லை.

"என்ன விளையுது?"

ஊரே என் பக்கம் திரும்பியது. நான்தான் ஏற்கனவே எழுந்து நிற்கிறேனே. வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? இந்த வருஷம் மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. கத்திரிக்காய் என்ன விலை போனது, எந்தக் கிணறு வற்றியது, யார் வீட்டுப் பெண் படித்து வேலைக்குப் போனாள், எந்தத் தோட்டத்தில் கல் நட்டார்கள், ஒன்றும் தெரியாது. அப்பாவின் பழைய பதில்கள் அத்தனையும் தெரியும். புதுசாக ஒன்று சொல்ல இந்த ஊரில் ஒரு வருஷம் இருந்திருக்க வேண்டும். வெயிலில் நின்றிருக்க வேண்டும். அப்பா அந்தப் பதிலை மேடையில் யோசிக்கவில்லை, வருஷம் முழுக்க வரப்பில் நின்று யோசித்திருக்கிறார். அன்றைக்கு அந்த அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற அதே ஆளாக நான் நின்றேன். இந்தத் தடவை என் சொந்த மொழியில் வாயடைத்து நின்றேன்.

ஆதிரை என் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள்.

மாமா மறுபடி நாற்காலியைப் பார்த்தார். காதைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்கிறவர் போல நின்றார். அவர் உதடு முதலில் கோணியது. தோள் குலுங்கியது. பிறகு தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். அத்தனை வருஷம் அப்பாவின் பதிலுக்குச் சிரித்த அதே சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பவுடர் கையோடு வந்தது.

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு இன்னொருவர். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரித்தது. யாரும் சொல்லாத ஒன்றுக்கு ஊரே சிரித்தது. ஆதிரையும் சிரித்தாள், நானும் சிரித்தேன். என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் சிரித்துப் பழகியவன்தானே நான். ஆனால் இந்தத் தடவை எனக்குத் தாமதமாகவில்லை. சிரித்துக்கொண்டே அழுதேன். ஆடி மாதத்தில் அந்தப் படிக்கட்டில் வராத அழுகை வந்தது. அடக்கவில்லை.

7

நாடகம் முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். தலைப்பாகையைத் தட்டில் வைத்து மாமா என் கையில் கொடுத்தார். "சொல்லு மாப்ளே" என்றார்.

மைக்கில் நீளமாகப் பேச எதுவும் இல்லை. "பெரியசாமிக்குக் குடுக்கிறேன்" என்றேன்.

பெரியசாமி கூட்டத்தில் இருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தான். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுக்கும் அழுகை. "முத்தையா வீட்டு வேலாண்டி, அடுத்த வருசத்துல இருந்து பெரியசாமி!" என்று அறிவிப்பாளர் சொன்னார். எங்கள் வீட்டுப் பெயரை அவர் விடவில்லை. அவர் சொன்னபோதுதான் பெயர் போய்விடுமோ என்று நான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது தெரிந்தது.

கீழே இறங்கும்போது பெரியசாமி என் காதருகில் வந்தான்.

"அண்ணே, வசனமெல்லாம் சொல்லிருவேன். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் என்ன சொல்றதுண்ணே?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நீதான் இங்க இருக்க" என்றேன்.

வீட்டுக்கு நடந்தோம். ஆதிரை வழியெல்லாம் என் கையை விடவில்லை. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுளகில் இருந்த வெண்டைக்காய் அப்படியே பாதி ஆய்ந்தபடி இருந்தது. வேஷத்தை என்ன செய்தாய் என்று அவள் கேட்கவில்லை. குழாயிலேயே கேட்டிருப்பாள்.

"அந்த எடத்துல யாரு என்ன சொன்னாங்க?" என்றாள்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. என்னையப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணும் வரல."

"செத்த நேரம் சத்தமே இல்லாமக் கெடந்துச்சே."

"ஆமாம்மா."

"அப்புறம் அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்களே?"

"சிரிச்சாங்க."

அம்மா சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தாள். அப்பா போன நாளில் இருந்து நான் போனிலும் நேரிலும் காணாத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"அப்ப நல்லாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.